இசையும் ஏடும்
இளையராஜாவின் செவ்விசைப் படைப்புகளைக் குறித்து

கலைஞர்களைப் பாராட்டுவதில் தமிழ் மக்கள் எவர்க்கும் இளைத்தவர் அல்லர். பட்டம் சூட்டுவோம், பொன்னாடை போர்த்துவோம், மேடைக்கு மேடை புகழ்மாலை சாத்துவோம். ஆனால் அந்தக் கலைஞனின் படைப்பை எடுத்து வைத்துக்கொண்டு, இதில் சிறந்தது எது, குறைபட்டது எது, நாளை நிற்கக் கூடியது எது என்று அமைதியாக எடைபோட்டுப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் மிகவும் அருகியே காணப்படுகிறது. இலக்கியத்திலாவது திறனாய்வு என்று ஒரு துறை உண்டு. இசையில் அதுவும் இல்லை. அங்கே இருப்பவை இரண்டே: ஒன்று துதி, மற்றொன்று தூற்றல்.

2025ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் லண்டன் மாநகரின் எவென்டிம் அப்பல்லோ அரங்கில், இளையராஜா இயற்றிய ‘வேலியண்ட்’ என்னும் சிம்பொனி அரங்கேறியது. ராயல் பில்ஹார்மானிக் அமைப்பின் இசைக்குழுவினர் வாசிக்க, மைக்கேல் டாம்ஸ் நடத்தினார். அவ்வாண்டு செப்டம்பரில் தமிழக அரசு சென்னையில் அவருக்குப் பெருவிழா எடுத்தது. இவை யாவும் மகிழத்தக்கவையே. ஆயினும் அந்நாள் தொட்டு நம் கைக்கு வந்த எழுத்துகளைப் புரட்டிப் பார்த்தால், சிம்பொனி எத்தனை நாளில் எழுதப்பட்டது, அரங்கில் எத்துணைக் கரவொலி எழுந்தது என்பன கிடைக்கின்றன. அந்த இசைக்குள் என்ன நிகழ்கிறது என்பது கிடைப்பதில்லை. இக்குறையை எண்ணியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

டி. கல்லுப்பட்டியில் இருந்துகொண்டு லண்டன் சிம்பொனியைப் பற்றிப் பேசுவானேன் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் இன்று தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் அவர் பிறந்த 1943ஆம் ஆண்டில் அதுவும் இவ்வூரும் ஒரே மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தவை. அது மட்டுமன்று. இவ்வூரின் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தவர் பொருளியலறிஞர் ஜே.சி. குமரப்பா. நாட்டு விடுதலைப் போரில் சிறைப்பட்டிருந்தபோது எழுதி, 1945இல் வெளிவந்த அவருடைய நூலின் பொருளே நிலைப்பதும் நிலையாததும் என்பதுதான். இன்று கைக்குக் கிடைத்து நாளை தீர்ந்துபோகும் செல்வத்தையும், தலைமுறை தோறும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் செல்வத்தையும் அவர் பிரித்துக் காட்டினார். பொருளுக்கு அவர் கேட்ட கேள்வியை இசைக்கும் கேட்கலாம் அன்றோ? இளையராஜாவின் இசையில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் செல்வம் எது? அது அவ்வாறு நிலைப்பதற்கு நாம் செய்திருப்பது என்ன?

முதலில் வாழ்க்கையைச் சுருங்கப் பார்ப்போம். பண்ணைப்புரத்தில் இராமசாமி, சின்னத்தாயம்மாள் இணையருக்குப் பிறந்தவர் அவர். தமையனார் பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சியின் மேடைப் பாடகர். பதினான்கு வயதளவில் அண்ணனின் குழுவில் சேர்ந்து, ஊர் ஊராகச் சென்று ஆர்மோனியம் வாசித்தார் இளையவர். மேடைப் பாட்டின் இயல்பு யாதெனில், கேட்போர் உடனே பற்றிக்கொள்ள வேண்டும். அடுத்த நாள் அடுத்த ஊரில் வேறு பாட்டு. அந்தப் பள்ளியில் பயின்றவர், எழுதி வைத்து வாசிக்கும் இசையின்பால் திரும்பியதுதான் அவர் வாழ்வின் பெருந்திருப்பம். 1968இல் சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசையின் அடிப்படைகளைக் கற்றார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் செவ்விசைக் கிதார்த் தேர்வில் தேறினார். கருநாடக இசையை டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் பயின்றார். ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து திரையிசையின் நுணுக்கங்களை அறிந்தார். 1976இல் ‘அன்னக்கிளி’ வெளிவந்தது. அதன்பின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட திரைப்படங்கள். அந்தக் கதை எல்லாரும் அறிந்தது. இங்கே அதை விரிக்கப் போவதில்லை.

நமக்கு வேண்டியது ஒரு செய்தி மட்டுமே. ஐந்து கோடுகளின்மீது புள்ளியிட்டு எழுதும் மேலை இசைக்குறிப்பில், ஒவ்வொரு கருவிக்கும் உரிய பகுதியைத் தாமே எழுதிக் கொடுப்பவர் அவர். ஆர்மோனியத்தில் வாசித்துப் பார்த்துப் பின்னர் எழுதுவதன்று. மனத்தில் கேட்டதை நேரே ஏட்டில் இறக்குவது. வாய்ப்பாட்டில் வளர்ந்த நம் நாட்டில் இப்படிப் பழகியவர் மிகச் சிலரே. ஆகவே அவரைப் பற்றிய ஆய்வு ஒலிநாடாவோடு நிற்கலாகாது. ஏட்டுக்குப் போக வேண்டும்.

இனி, அவர் எடுத்துக்கொண்ட பணி எத்தகையது என்பதைக் காண்போம். நம் இசை ஒற்றை இழையில் ஓடுவது. ஓர் இராகத்தின் ஒரு சுரத்தை எடுத்து, அதை அசைத்து, அதன் அண்டைச் சுரங்களைத் தொட்டுத் தடவிச் செல்வதிலேயே அழகு பிறக்கிறது. அந்த அசைவைக் கமகம் என்கிறோம். மேலை இசையோ பல இழைகளை ஒரே வேளையில் ஓடவிட்டு, அவை ஒன்றோடொன்று பொருந்தியும் பிணங்கியும் நிற்பதில் அழகு காண்பது. அங்கே ஒவ்வொரு சுரமும் தன் இடத்தில் அசையாது நிற்க வேண்டும். மேலே நிற்பது அசைந்தால் கீழே நிற்பதோடு முட்டிக்கொள்ளும். கமகத்தை நீக்கினால் இராகம் வெறும் எலும்புக்கூடு. கமகத்தை வைத்துக்கொண்டால் பல்லிழைப் பின்னல் சிதறுகிறது. இருவேறு உலகங்களை இணைக்கிறேன் என்று புறப்படும் எவரும் சந்தித்தாக வேண்டிய முட்டுக்கட்டை இது. ‘கிழக்கும் மேற்கும் கைகோத்தன’ என்று எழுதுவோர் இந்த முட்டுக்கட்டையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை.

இந்தச் சந்திப்புக்கு நம் மண்ணில் முன்வரலாறும் இருக்கிறது. முத்துசாமி தீட்சிதர், கோட்டையில் ஒலித்த ஐரோப்பிய இசைக்குழுவின் மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு வடமொழிப் பாடல்கள் இயற்றினார். ‘நோட்டுசுவரம்’ என்று இன்றும் சிறுவர்க்குக் கற்பிக்கப்படுபவை அவை. அவற்றில் கமகத்துக்கு இடமே வைக்கவில்லை தீட்சிதர். மேலை மெட்டு மேலை மெட்டாகவே நின்றது. அவருடைய கீர்த்தனைகள் கீர்த்தனைகளாகவே நின்றன. இரண்டையும் அறிந்தும் இரண்டையும் கலக்காதிருந்தார். அவருடைய இளவல் பாலுசாமி தீட்சிதரோ வயலின் என்னும் ஐரோப்பியக் கருவியைக் கற்று, அதில் நம் கமகத்தைப் பேசவைத்தார். ஒருவர் மெட்டை வாங்கினார்; மற்றவர் கருவியை வாங்கினார். மேலை இசையின் பின்னல் முறையை வாங்குவது மட்டும் மிச்சமிருந்தது. அந்த மூன்றாவது வேலையைத் தம் தோள்மேல் ஏற்றவர்களில் இளையராஜா முதன்மையானவர்.

1986இல் வெளிவந்த ‘ஹவ் டு நேம் இட்?’ என்னும் இசைத்தொகுப்பை இந்த நோக்கில்தான் கேட்க வேண்டும். எப்படிப் பெயரிடுவது என்பது அதன் பெயர். பெயரே ஒரு வினா. அது நேர்மையான வினாவும் ஆகும். ஜெர்மானிய மேதை பாக்குக்கும் திருவையாற்றுத் தியாகராசருக்கும் அது காணிக்கையாக்கப்பட்டிருக்கிறது. வி.எஸ். நரசிம்மனின் வயலின் முன்னே நிற்க, தந்திக் கருவிக் குழு அதைச் சூழ்ந்து வருகிறது. மேற்சொன்ன முட்டுக்கட்டையை இளையராஜா எப்படித் தாண்டுகிறார் என்பதை இங்கே தெளிவாகக் கேட்கலாம். அசைவை ஒற்றை வயலினுக்குக் கொடுக்கிறார். அசையாமையைக் குழுவுக்குக் கொடுக்கிறார். குழுவிலும் சுரங்களைக் கல்லடுக்குவதுபோல் அடுக்கி நிறுத்துவதைவிட, ஒவ்வோர் இழையையும் தனித்தனி மெட்டாக நடக்கவிடுவதையே பெரிதும் விரும்புகிறார். ஆகவே ஒத்திசைவு மேலிருந்து சுமத்தப்பட்டதாகத் தோன்றாமல், பல பேர் தத்தம் வழியில் நடந்து ஓரிடத்தில் கூடியதாகத் தோன்றுகிறது.

அத்தொகுப்பில் ‘ஃபியூக்’ என்னும் வடிவத்தைப் பெயரிலேயே தாங்கிய பகுதி ஒன்று உண்டு. பைத்துப் பாடும் சபைகளை அறிந்த நம் வாசகர்க்கு அவ்வடிவத்தை விளக்குவது எளிது. ஒருவர் எடுத்துக் கொடுத்ததை மற்றவர் வாங்கிப் பாடுவதை நாம் கேட்டிருக்கிறோம். வாங்கிய பிறகும் முதல்வர் நிறுத்தாமல் வேறொன்றைப் பாடிக்கொண்டே போக, மூன்றாமவர் அதே அடியை வேறு நிலையில் தொடங்க, அத்தனையும் ஒன்றையொன்று கெடுக்காமல் பின்னிச் சென்றால் அதுவே ஃபியூக். பாக் இதில் கரைகண்டவர். பாக்கைத் தம் இல்லத்தில் சந்தித்ததாகவே மற்றொரு பகுதிக்குப் பெயர் வைக்கிறார் இளையராஜா. தனி வயலினுக்கென்று பாக் எழுதிய ஒரு முகப்பிசை அங்கே ஒலிக்கிறது. அதனோடு நம்மவரின் புதிய இழைகள் சேர்கின்றன. அடுத்த பகுதியின் பெயர், பின்னர் இருவரும் உரையாடினர் என்பது. விருந்தினரை வரவேற்கும் வீட்டுக்காரரின் பணிவும் உரிமையும் இவ்விரு பகுதிகளிலும் ஒருங்கே உள்ளன. விருந்தினர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து பேசுவதன்று. அவர் பேசும்போதே, அவர் பேச்சுக்குக் குறுக்கே வராமல் பேசுவது. இத்தொகுப்பு அவருடைய செவ்விசைப் படைப்புகளில் தலையாயது என்பது நம் முடிபு. அளவால் சிறியது, ஆனால் எடுத்துக்கொண்ட வினாவை ஓரிடத்தும் கைநழுவ விடவில்லை.

1988இல் வந்த ‘நத்திங் பட் விண்ட்’ பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல இயலவில்லை. ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலும் பெரியதோர் இசைக்குழுவும் சேர்ந்து அளித்தது அது. காற்றைத் தவிர வேறில்லை என்னும் பெயர் அழகானது. மூச்சை ஊதினால் இசை, நிறுத்தினால் மௌனம் என்னும் எண்ணம் ஞானியர் பாடல்களில் ஊறிய நமக்கு அயலானதன்று. இனிமைக்குக் குறைவில்லை. ஆனால் முந்திய தொகுப்பில் ஒற்றை வயலினும் குழுவும் வாதிட்டன; இங்கே குழலும் குழுவும் முறைவைத்துக்கொள்கின்றன. குழல் இந்துஸ்தானி மரபில் விரிந்து எழும்போது குழு பின்னணித் திரையாக ஒதுங்குகிறது. குழு எழும்போது குழல் ஓய்கிறது. இருவரும் ஒருவரையொருவர் மிகவும் மதிக்கிறார்கள். மதிப்பு மிகுந்து உரையாடல் குறைந்துவிட்டது. இதைக் குறையென்று சொல்வதால் அவர் பெருமை குன்றாது. ஒரு படைப்பாளியின் இரண்டு படைப்புகளுள் ஒன்றை உயர்த்திச் சொல்லாதவன் இரண்டையும் கேட்கவில்லை என்றே பொருள்.

1993இல் லண்டனில் ராயல் பில்ஹார்மானிக் இசைக்குழுவைக் கொண்டு ஒரு சிம்பொனியை அவர் ஒலிப்பதிவு செய்தார். ஜான் ஸ்காட் நடத்தினார். அது இன்றுவரை வெளியிடப்படவில்லை. தமிழர் ஒருவரின் சிம்பொனி பதிவாகி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் தமிழர் அதைக் கேட்கவில்லை. கேட்காமலேயே அதற்கு விழாவெடுத்தோம். உலகில் வேறெங்கேனும் இப்படி நிகழ்ந்திருக்குமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

2005இல் ‘திருவாசகம்’ வந்தது. மதுரைக்கு அண்மையிலுள்ள திருவாதவூரில் பிறந்து, பாண்டியனுக்கு அமைச்சராய் இருந்தவர் என்று மரபு கூறும் மாணிக்கவாசகரின் பாடல்களுக்கு, ‘ஆரட்டோரியோ’ என்னும் வடிவில் இசையமைத்தார். ஆரட்டோரியோ என்பது கிறித்தவ திருச்சபையின் நிழலில் வளர்ந்த வடிவம்: தனிக்குரல், பாடகர் கூட்டம், பேரிசைக்குழு மூன்றும் சேர்ந்து ஒரு சமயப் பொருளை நாடகமின்றிப் பாடுவது. புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்தது. முயற்சியை முன்னின்று நடத்தியது ஒரு கத்தோலிக்கக் குருவின் அமைப்பு. சைவப் பாடல், கிறித்தவ வடிவம், அங்கேரிய இசைக்குழு. கேட்டு உருகியவர்களோ எல்லாச் சமயத்தவரும்.

இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க படைப்பு ஒன்று இசுலாமிய உலகில் இருக்கிறது. துருக்கி நாட்டு இசைஞர் அஹ்மத் அத்னான் சைகுன், அந்நாட்டு மக்களின் நெஞ்சில் வாழும் சூபிக் கவிஞர் யூனுஸ் எம்ரேயின் பாடல்களை எடுத்து, 1942இல் ஓர் ஆரட்டோரியோ இயற்றினார். 1946இல் அங்காராவில் அரங்கேறியது. அங்கேரியின் பெரும் இசைஞர் பேலா பார்த்தோக் 1936இல் துருக்கிக்கு வந்து நாட்டுப் பாடல்களைத் திரட்டியபோது உடன் சென்றவர் இந்தச் சைகுன். கிராமத்து மெட்டை அதன் ஊரிலேயே கேட்டு, எழுதி, அதன் எலும்பும் நரம்பும் அறிந்தபின் பேரிசைக்குழுவுக்குள் கொண்டு செல்லும் பாடம் அங்கே நடந்தது. பார்த்தோக்கின் நகரமாகிய புடாபெஸ்டுக்கே பண்ணைப்புரத்தார் தம் ஏட்டை எடுத்துச் சென்றது தற்செயலாயினும் பொருத்தமானதே. சைகுன் ஊர் ஊராய்ச் சென்று திரட்டியதை இவர் திரட்டத் தேவையில்லை. அண்ணனின் ஆர்மோனியத்தோடு நடந்த காலத்திலேயே அது இவருக்குள் சேர்ந்துவிட்டது.

‘திருவாசக’த்தில் மிகச் சிறந்து விளங்குபவை இளையராஜாவின் தனிக்குரல் எளிய நாட்டு மெட்டில் தொடங்கி, இசைக்குழு அதைத் தயங்கித் தயங்கி அணுகும் இடங்கள். மாணிக்கவாசகரின் பாடல் இறைவனிடம் தனியே நின்று கெஞ்சும் குரல். அந்தத் தனிமை கெடாதவரை இசை உயர்ந்து நிற்கிறது. ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் ஆங்கில வரிகள் அளித்திருக்கும் நீண்ட பகுதியிலோ நம் செவி சற்றே தடுமாறுகிறது. தமிழ் குறிலும் நெடிலுமாக அளந்து நடக்கும் மொழி. ஆங்கிலம் அழுத்தத்தால் அடித்து நடக்கும் மொழி. ஒரே மெட்டு இரண்டுக்கும் செருப்பாகாது. பாடகர் கூட்டமும் முழு இசைக்குழுவும் ஒருங்கே எழும்போது, கெஞ்சும் குரல் வெற்றி முழக்கமாக மாறிவிடும் இடங்களும் உண்டு. ஆயினும், தமிழ்ப் பாடலொன்றைப் பேரிசைக்குழுவின் நடுவே தமிழாகவே நிற்கவைக்க முடியும் என்று மெய்ப்பித்த படைப்பு அது. அந்த அளவில் அதன் இடம் உறுதியானது.

‘வேலியண்ட்’ சிம்பொனிக்கு வருவோம். ஏறத்தாழ 35 நாள்களில் எழுதி முடித்ததாக அவரே சொன்னார். உடனே அந்த எண் புகழ்மொழியாகிவிட்டது. மொசார்ட் ஒரு சிம்பொனியை நான்கே நாள்களில் எழுதினார். பிராம்ஸ் தம் முதல் சிம்பொனிக்கு இருபது ஆண்டுகள் போல எடுத்துக்கொண்டார். இரண்டும் வாழ்கின்றன. விரைவும் தாமதமும் படைப்பின் தரத்தைச் சொல்வன அல்ல. திரையிசைக்காரர்க்குச் சிம்பொனி எதற்கு என்று ஒரு சாரார் முகம் சுளிப்பதும், பாக்கையும் பேத்தோவனையும் இவர் விஞ்சிவிட்டார் என்று மறுசாரார் ஆர்ப்பரிப்பதும் ஒன்றுதான். இரு சாராரும் இசையைக் கேட்கும் உழைப்பிலிருந்து தப்பித்துக்கொள்கிறார்கள். அவருடைய 1986 தொகுப்பிலேயே ஒரு பகுதிக்கு ‘ஒப்பிடாதே’ என்னும் பொருளுடைய ஆங்கிலப் பெயர் இருக்கிறது. அதையாவது இரசிகர்கள் மதிக்கலாம்.

சிம்பொனி என்பது ஒரு முறை கேட்டுத் தீர்ப்புச் சொல்லக்கூடிய பொருளன்று. முதல் அரங்கேற்றம் விழா. இரண்டாவது அரங்கேற்றந்தான் தேர்வு. ஆக்கியவர் அருகில் இல்லாத ஊரில், அவரை அறியாத நடத்துநர் ஒருவர், ஏட்டைப் படித்துப் பார்த்து, இதை வாசிக்க வேண்டும் என்று தாமே விரும்பி எடுக்கும் நாளில்தான் அப்படைப்பு தன் காலில் நிற்கத் தொடங்குகிறது. சைகுனின் யூனுஸ் எம்ரே 1958இல் நியூயார்க்கில் ஸ்டொக்கோவ்ஸ்கியின் தலைமையில் பாடப்பட்டது அவ்விதமே. ஏடு வேறொருவர் கைக்குப் போயிற்று. ஆகவே கடல் கடந்தது.

இங்கேதான் நம் வாதத்தின் மையம் இருக்கிறது. இளையராஜா தம் முதற் செவ்விசைத் தொகுப்பை எவ்விருவர்க்குக் காணிக்கையாக்கினாரோ, அவ்விருவரும் நமக்குக் கிடைத்தது எவ்வாறு? பாக் 1750இல் மறைந்தார். மத்தேயு எழுதிய நற்செய்தியின்படி அவர் இயற்றிய பெரும் பாடுகளின் இசை, ஏறத்தாழ மறக்கப்பட்ட நிலையில் ஏடாகக் கிடந்தது. 1829இல் இருபது வயது இளைஞர் மெண்டல்சன் அதைப் பெர்லினில் மீண்டும் அரங்கேற்றினார். உலகம் பாக்கைக் கண்டுகொண்டது. ஏடு இல்லையேல் மெண்டல்சன் எதை எடுத்திருப்பார்? தியாகராசர் தம் பாடல்களை அச்சிட்டவர் அல்லர். வாலாசாப்பேட்டை வேங்கடரமண பாகவதர் முதலிய மாணவர்கள் எழுதி வைத்தார்கள். அந்தச் சுவடிகள் நம் மதுரையிலேயே சௌராஷ்டிர சபையில் பேணப்பட்டன. பண்ணைப்புரத்துக்காரர் வணங்கிய திருவையாற்றாரின் பாடல்களுக்குச் சான்றான ஏடுகள் மதுரையில் இருக்கின்றன என்பதை மதுரைக்காரர் எத்தனை பேர் அறிவோம்?

இன்னும் சற்றுத் தெற்கே எட்டயபுரத்தை எண்ணிப் பாருங்கள். முத்துசாமி தீட்சிதர் 1835இல் மறைந்தது அங்கே. பாலுசாமி தீட்சிதரின் வயலின் ஒலித்தது அந்த அரண்மனையில். அவர்கள் வழிவந்த சுப்பராம தீட்சிதர், பரம்பரைச் சொத்தாகத் தமக்குள்ளே வைத்திருந்த கீர்த்தனைகளைக் கமகக் குறியீடுகளோடு எழுதி, ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்னும் பெருநூலாக 1904இல் அங்கேயே அச்சேற்றினார். அவரைத் தூண்டியவர் சின்னசாமி முதலியார் என்னும் கிறித்தவப் பெருமகனார். நம் கீர்த்தனைகளை ஐந்து கோட்டு ஐரோப்பியக் குறிப்பில் எழுதி அச்சிட வேண்டும் என்று தம் பொருளைச் செலவிட்டு உழைத்தவரும் அவரே. உமறுப்புலவர் அடங்கியிருப்பதும் அதே எட்டயபுரத்தில்தான். அவருடைய சீறாப்புராணம் ஏட்டுச்சுவடியாய்ச் சிதறிக் கிடந்ததைத் தேடித் திரட்டி, 1842இல் அச்சேற்றினார் காயற்பட்டினத்துச் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம். அந்த அச்சு இல்லையேல் நம் இலக்கியக் கூட்டங்களில் உமறுவின் பெயர் இருக்கும். காப்பியம் இருக்குமோ என்பது ஐயமே. புலவரைப் போற்றியவர் பலர்; ஏட்டைப் போற்றியவர் ஒருவர். காப்பியத்தைக் காத்தது அந்த ஒருவரின் உழைப்பு.

இளையராஜா இத்தகைய தொல்லையை நமக்கு வைக்கவில்லை. அவரே எழுதி வைத்திருக்கிறார். தேடித் திரட்ட வேண்டியதில்லை. பிழை களைய வேண்டியதில்லை. ஆனால் அவருடைய செவ்விசை ஏடுகள் இசை மாணவர் கைக்கெட்டும் விலையில் அச்சு நூல்களாகப் பரவவில்லை. அவற்றைத் தொடர்ந்து வாசிக்க ஒரு நிலையான சிம்பொனிக் குழுவும் தமிழ்நாட்டில் நமக்கு அமையவில்லை. மும்பையிலோ 2006 முதல் அத்தகைய குழு ஒன்று இயங்கி வருகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் அவர் பெயரால் இசை ஆய்வு மையம் ஒன்றுக்கு 2024இல் அடிக்கல் நாட்டப்பட்டது நல்ல தொடக்கம். அம்மையம் முதலில் செய்யத்தக்க பணி ஏடுகளின் பதிப்பே என்பது நம் துணிபு. ‘ஹவ் டு நேம் இட்?’ தொகுப்பின் இசைக்குறிப்பு ஓர் அழகிய நூலாக வரட்டும். மதுரை அரசு இசைக் கல்லூரியில் வயலின் பயிலும் ஒரு சிற்றூர்ப் பிள்ளை அதை விரித்து வைத்து, இந்த இழை ஏன் இங்கே ஏறுகிறது, அந்த இழை ஏன் அங்கே இறங்குகிறது என்று விரல் வைத்துப் படிக்கட்டும். 1993இன் சிம்பொனியும் வெளிவரட்டும். அதிலே குறையிருந்தால் குறையோடு வரட்டும். குறையற்றதை மட்டுமே வெளியிடுவது என்றால் உலகில் நூலகங்களுக்கு வேலையில்லை.

இப்படிச் சொல்வதால் ஒலிப்பதிவை நாம் இகழ்வதாகக் கொள்ள வேண்டாம். ஒலிநாடா இல்லையேல் கல்லுப்பட்டிக்கும் கம்பத்துக்கும் அவர் இசை வந்திராது. ஆனால் ஒலிப்பதிவு ஒரு நாளின் ஒரு வாசிப்பைக் காக்கிறது. ஏடு, இனி வரப்போகும் எல்லா வாசிப்புகளையும் காக்கிறது. குமரப்பாவின் அளவுகோலால் அளந்தால், முன்னது களஞ்சியத்தில் வைத்த நெல், பின்னது விதைநெல். களஞ்சிய நெல்லை உண்டு மகிழ்கிறோம், மகிழட்டும். விதைநெல்லை எவரிடம் ஒப்படைத்திருக்கிறோம் என்பதே கேள்வி.

திறனாய்வாளர்க்கும் ஒரு கடமை உண்டு. இளையராஜாவின் திரைப்பாடல்களைப் பற்றி நினைவுகளாக எழுதிக் குவித்துவிட்டோம். இந்தப் பாட்டைக் கேட்டபோது நான் எங்கிருந்தேன் என்பது இசைத் திறனாய்வாகாது. ‘திருவாசக’த்தில் தனிக்குரலை இசைக்குழு மூடும் இடம் எது, தாங்கும் இடம் எது என்று இருவர் கருத்து மாறுபட்டு, சான்று காட்டி, ஓராண்டு எழுதிக்கொள்ளட்டும். அந்த வழக்கு நடக்குமாயின், பத்துப் பட்டமளிப்பு விழாக்களினும் அது அவருக்குப் பெரிய சிறப்பாகும். படைப்பை வழக்காடத்தக்கதாக மதிப்பதைவிடப் பெரிய மரியாதை படைப்பாளிக்கு இல்லை.

அவருடைய ஏடுகள் கத்திரிக்கப்படாமலும் கரையானுக்கு இரையாகாமலும் அச்சேறி, அவரைக் கண்டிராத ஒரு தலைமுறையின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அந்தத் தலைமுறை அவற்றை வாசித்துப் பார்த்து, சிலவற்றை ஏற்றுச் சிலவற்றைத் தள்ளினாலும் நன்றே. தள்ளுவதற்கும் ஏடு கையில் இருந்தாக வேண்டும்.